கிணற்றுத் தண்ணீரா, காவிரிக் குழாயா: பெங்களூரை விட்டு ஊருக்குப் போகலாமா?

குற்றாலச்சாரல்:
அல்சூர்ப் பேரன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "ஊர் ஊர் என்று புலம்புகிறவர்கள் பொங்கலுக்குப் போனால் மாட்டுப் பொங்கலன்றே திரும்பி வர டிக்கெட் தேடுகிறார்கள். மனுஷன் வாழ்ந்தால் பெங்களூரில் வாழவேண்டும், குழாயைத் திறந்தால் காவிரி" என்று எழுதியிருந்தார். எந்தக் குழாயில் ஐயா? நான் இருப்பது ஒயிட்ஃபீல்டு பக்கம். 2024 மார்ச்சில் எங்கள் அடுக்ககத்தில் போர் (ஆழ்துளைக் கிணறு) வற்றிப்போய், விடிவதற்கு முன்பே டேங்கர்காரர் தரைக்கடித் தொட்டியான சம்ப்புக்குள் ஓஸைச் செருகி மோட்டாரைப் போடுகிற சத்தத்தில்தான் எழுந்தோம். குளிக்க ஆளுக்கு ஒரு வாளி என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தென்காசிப் பக்கம் எங்கள் வீட்டுக் கிணற்றை வந்து பாருங்கள். சித்திரையிலும் எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். அந்தத் தண்ணீர் இனிக்கும். சீக்கிரம் மூட்டை கட்டப்போகிறேன்.

அல்சூர்ப் பேரன்:
ஏரியாவைப் பார்த்து வீடு எடுத்திருக்க வேண்டும். நீச்சல்குளம் இருக்கிறதா, ஜிம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிவிட்டு இப்போது ஊரையே திட்டினால் எப்படி? என் தாத்தா கன்டோன்மென்ட்டில் வேலைக்கு வந்தவர். எங்கள் தெருவில் காவிரி வரும் நாளும் நேரமும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். போய்ச் சேர எனக்கு வேறு ஊர் இல்லை, இதுதான் ஊர். 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் திறந்தாயிற்று. பெங்களூரோடு சேர்த்த 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். உங்கள் பக்கமும் குழாய் வந்துவிட்டது, உங்கள் அடுக்ககச் சங்கத்துக்கு இணைப்புப் பணம் கட்ட மனசு வரவில்லை. கிணறு இனிக்குமாம்!

குற்றாலச்சாரல்:
அந்தத் தண்ணீர் எப்படி வருகிறது தெரியுமா? தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடத்தில் பம்ப் வைத்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். ஒரு பம்ப் ஸ்டேஷனில் பராமரிப்பு வேலை என்றால் பாதி ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் போட்ட ஊர் இது. எங்கள் ஊரில் வாளியை இறக்கி இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். சொன்னதையே சொல்கிறேன், எங்கள் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும்.

சில்க்போர்டு வாசி:
தண்ணீரை விடுங்கள் அண்ணே, டிராஃபிக்கைப் பேசுங்கள். ஆபீஸ் போய் வருவதற்குள் பாதி ஆயுள் போய்விடுகிறது. ஊருக்குப் போக அது ஒன்று போதாதா?

பென்னாகரம் செல்வி:
டிராஃபிக்கை அப்புறம் பேசலாம். கிணற்றுத் தண்ணீர் இனிக்கும் என்று சொன்னவருக்கு முதலில் பதில் சொல்லவேண்டும். நான் தர்மபுரி மாவட்டம். எங்கள் தெரு முனையில் அடிபம்ப். காலையில் அதற்கு முன்னால் பச்சையும் நீலமுமாகக் குடங்கள் வரிசையாக இருக்கும். அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. எங்கள் பக்கம் அதைத் தாண்டிய போர்கள் எத்தனையோ. என் முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடு இருக்கிறது. தேய்த்தால் போகாது. பல் உருவாகும்போதே உள்ளே ஏறியது அது. கல்யாணப் போட்டோவில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். என் சித்தப்பா அறுபது வயதுக்குள் முதுகு வளைந்து கழுத்தைத் திருப்ப முடியாமல் போனார். ஒகேனக்கல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். காவிரி அங்கே கொட்டிக்கொண்டிருந்தது, நாங்கள் போர்த் தண்ணீரைக் குடித்தோம். 2013இல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் நல்ல தண்ணீரைப் பார்த்தோம். அதற்குள் எங்களுக்கு எல்லாம் பல் போய்விட்டது.

குற்றாலச்சாரல்:
அக்கா, வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்வது போர். நான் சொல்வது திறந்த கிணறு, மேற்குத் தொடர்ச்சி மலை மழையில் ஊறுகிறது. எங்கள் ஆச்சி காய்ச்சித்தான் கொடுப்பாள், அப்போதும் இனிக்கும்.

பென்னாகரம் செல்வி:
காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். உங்கள் கிணற்றை எப்போதாவது டெஸ்ட் செய்தீர்களா? கிணற்றுக்கும் வீட்டு செப்டிக் டேங்குக்கும் நடுவில் எத்தனை அடி? பக்கத்து வயலில் என்ன உரம் போடுகிறார்கள்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு இனிக்கும் என்று எழுதுங்கள் தம்பி.

கடைமடை:
காவிரி காவிரி என்கிறீர்களே, அது யார் தண்ணீர்? உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு இருந்த 192 டிஎம்சியை 177.25 ஆக்கினார்கள். வெட்டிய 14.75இல் 4.75 பெங்களூர்க் குடிநீருக்கென்றே கொடுத்தது. ஜூன் 12 மேட்டூர் அணை திறக்குமா என்று பார்த்து நாற்று விடுகிற ஊரில் பிறந்தவன் நான். இங்கே ஷவரைத் திறக்கும்போதெல்லாம் எங்கள் வயல் ஞாபகம் வருகிறது.

அல்சூர்ப் பேரன்:
இந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். 1991 டிசம்பரில் இதே காவிரிக்காக இங்கே நடந்த கலவரத்தில் அடி வாங்கினது யார்? எங்கள் மாமா கடையை எரித்தார்கள். நீங்கள் எல்லாம் கம்ப்யூட்டர் வேலைக்கு அப்புறம் வந்தவர்கள். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை எதிர்ப்பால் 18 வருஷம் மூடியே கிடந்தது, 2009இல்தான் திறந்தார்கள். அதுவரை அந்தப் பக்கமாக நடந்துபோனவர்கள் நாங்கள். ஊரை விட்டு ஓடவில்லை. டேங்கர் வரவில்லை என்று ஓடுகிறவர்கள் எங்களுக்குப் பாடம் எடுக்கவேண்டாம்.

கடைமடை:
தண்ணீரைக் கேட்டால் சிலைக் கதை சொல்கிறீர்கள். கன்னடக்காரருக்கு வக்காலத்து வாங்குகிற தமிழரை இப்போதுதான் பார்க்கிறேன்.

அல்சூர்ப் பேரன்:
வக்காலத்தா? வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். மூன்று தலைமுறையாக இரண்டையும் பழுதில்லாமல் பேசுகிறோம். வந்து இத்தனை வருஷத்தில் பால்காரரிடம் கன்னடத்தில் பேசத் தெரியுமா உங்களுக்கு?

பென்னாகரம் செல்வி:
நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. செப்டிக் டேங்க் எத்தனை அடி?

குற்றாலச்சாரல்:
அக்கா, எங்கள் தாத்தா எண்பது தாண்டி வாழ்ந்தார். அந்தத் தண்ணீர்தான் குடித்தார். இதைவிட என்ன டெஸ்ட் வேண்டும்?

பென்னாகரம் செல்வி:
தாத்தா காலத்தில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருந்ததா? எங்கள் கிழவியும் எண்பது தாண்டினாள். கம்பு ஊன்றி, இடுப்பு மடங்கி. ஆம்பூர், வாணியம்பாடியில் போய்ச் சொல்லுங்கள், கிணறு இனிக்கும் என்று. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் இறங்கி எத்தனை கிணறு கெட்டது? ஊர் என்றால் உங்கள் மலையடிவாரம் ஒன்றுதானா? இங்கே பெங்களூர் ஜலஹள்ளியில் என் வீட்டுக்குப் பக்கத்து ஆர்.ஓ. (தண்ணீர் சுத்திகரிப்பு) பிளான்ட்டில் ஐந்து ரூபாய்க் காசு போட்டால் 20 லிட்டர் கேன் நிறைகிறது. என் மகளுக்குப் பல் பால் மாதிரி வெள்ளை. இதை விட்டுவிட்டு நான் எந்த ஊருக்குப் போகவேண்டும்?

சில்க்போர்டு வாசி:
ஐந்து ரூபாய் எல்லாம் பழைய கதை அக்கா, எங்கள் பக்கம் ஏற்றிவிட்டார்கள்.

குற்றாலச்சாரல்:
காசு போட்டுத் தண்ணீர் பிடிப்பதைப் பெருமையாகச் சொல்கிற காலம். 12,000 லிட்டர் டேங்கருக்கு 5 கிலோமீட்டருக்குள் 1000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகமே விலை நிர்ணயிக்க வேண்டி வந்தது இந்த ஊரில்தான். எங்கள் கிணறு காசு கேட்டதில்லை.

பென்னாகரம் செல்வி:
காசு கேட்காது, பல்லைக் கேட்கும். ரிப்போர்ட் போடுங்கள் தம்பி. பாட்டிலில் பிடித்து மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்தால் தெரிந்துவிடும். அதுவரை நான் விடப்போவதில்லை.

குற்றாலச்சாரல்:
எங்கள் வீட்டுக் கிணற்றை எதற்கு ஊராருக்கு நிரூபிக்கவேண்டும்?

அல்சூர்ப் பேரன்:
நிரூபிக்கச் சொன்னால் கோபம் வருகிறது. நம் குழு பொங்கல் விழாவுக்கு எடுத்த பஸ்ஸின் கணக்கைக் கேட்டபோதும் இதே பதில்தான் வந்தது. யார் எவ்வளவு கொடுத்தது என்று இன்றுவரை பட்டியல் வரவில்லை.

குற்றாலச்சாரல்:
பஸ் கணக்கைப் பொங்கலுக்கு மறுவாரமே குழுவில் போட்டேன். அன்றைக்கு அதைப் பார்க்காமல் இப்போது இங்கே வந்து கிளறுகிறீர்கள்.

பென்னாகரம் செல்வி:
செப்டிக் டேங்க் எத்தனை அடி என்று கேட்டேன்.

கடைமடை:
அந்த பஸ்ஸுக்கு நானும் 600 ரூபாய் கொடுத்தேன். பட்டியலில் என் பெயர் இல்லை.