பழைய ருபிடியம் ஆஸிலேட்டர்: 3 ஹெர்ட்ஸ் அதிகம் காட்டுகிறது, லாக்கும் நிற்கவில்லை. திருப்பி அனுப்பலாமா?

கேள்வி

வணக்கம். ரொம்ப நாள் காசு சேர்த்து, தொலைத்தொடர்புக் கருவியிலிருந்து கழற்றிய எஃப்ராடாம் எல்பிஆர்ஓ-101 ருபிடியம் ஆஸிலேட்டர் (ருபிடியம் அணுவின் அதிர்வை வைத்து 10 மெகாஹெர்ட்ஸ் அலை தரும் பெட்டி) ஒன்று வாங்கியிருக்கிறேன். அதிர்வெண்ணைப் பத்து இலக்கத்தில் அளந்து காட்டும் பழைய ஃப்ரீக்வென்ஸி கவுண்டர் ஒன்றும் இன்னொருவரிடம் கிடைத்தது. மேசையில் நம்பத் தகுந்த 10 மெகாஹெர்ட்ஸ் ஒன்று இருக்க வேண்டும், நான் கட்டிய படிகக் கடிகாரங்களை அதோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

இப்போது பிரச்சினை. லாக் ஆக, அதாவது உள்ளே இருக்கும் படிகம் ருபிடியத்தின் அதிர்வோடு பூட்டிக்கொள்ள, 12 நிமிடம் எடுக்கிறது, நாலைந்து நிமிடத்தில் ஆகிவிடும் என்று படித்திருந்தேன். லாக் ஆனபின் கவுண்டர் 10,000,003.1 ஹெர்ட்ஸ் காட்டுகிறது, அதுவும் அசையாமல், கடைசி இலக்கம் மட்டும் லேசாக ஆடும். சுமார் 40 நிமிடம் கழித்து லாக் போய்விடுகிறது, அப்போது எண் மேலும் கீழுமாக மெதுவாக ஊசலாடத் தொடங்குகிறது. அணைத்து ஆறவிட்டுப் போட்டால் மறுபடி முதலிலிருந்து அப்படியே.

சப்ளை 24 வோல்ட், 1 ஆம்பியர். பெட்டியை ஒரு மரப்பலகை மேல் வைத்திருக்கிறேன். விற்றவர் "சோதித்துப் பார்த்தது" என்று மட்டும் எழுதியிருந்தார். திருப்பி அனுப்ப 6 நாள்தான் பாக்கி. உள்ளே இருக்கும் ருபிடியம் விளக்கு தீர்ந்துபோன பெட்டி என் தலையில் வந்துவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது.

பதில் 1

அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது, மூன்றும் பெட்டிக்கு வெளியே இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் சப்ளை. இந்த மாடல் சூடேறும் நேரத்தில் 24 வோல்ட்டில் 1.7 ஆம்பியர் வரை இழுக்கும், சூடேறி முடிந்தால் அரை ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடும். உங்கள் 1 ஆம்பியர் சப்ளை முதல் சில நிமிடம் மூச்சுத் திணறி வோல்ட்டேஜைக் கீழே விடுகிறது, அதனால்தான் 12 நிமிடம். 19 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. 2 ஆம்பியருக்கு மேல் தரும் சப்ளை போடுங்கள், கம்பியும் மெல்லியதாக இருக்க வேண்டாம்.

அடுத்து 40 நிமிடக் கதை. மரப்பலகை வேண்டவே வேண்டாம்! உள்ளே விளக்குக்கும் ருபிடியம் ஆவி இருக்கும் ரெசனேட்டருக்கும் தனித்தனி ஹீட்டர் உண்டு. அந்த ஹீட்டர்கள் சூடாக்கத்தான் முடியும், குளிர வைக்க முடியாது. அடித்தகடு வழியாக வெப்பம் வெளியேறிக்கொண்டே இருந்தால்தான் உள்வெப்பத்தை ஒரே அளவில் பிடித்து வைக்க முடியும். மரம் வெப்பத்தைக் கடத்தாது, அடித்தகடு ஏறிக்கொண்டே போகிறது, ஒரு கட்டத்தில் ஹீட்டர் முழுவதும் அணைந்தும் வெப்பம் இறங்காத நிலை வருகிறது, லாக் விழுகிறது. தகட்டின் உச்ச வரம்பே 70 டிகிரி செல்சியஸ்தான், 45க்குள் வைத்தால் பெட்டி நீண்ட நாள் உழைக்கும். தடிமனான அலுமினியத் தகடோ துடுப்பு வைத்த ஹீட் சிங்க்கோ எடுத்து, நடுவில் வெப்பப் பசை தடவி, எல்லாத் திருகையும் போட்டு இறுக்குங்கள்.

லாக் போனதும் எண் ஊசலாடுவது கோளாறு இல்லை. உள்ளே இருக்கும் படிக ஆஸிலேட்டரை மேலும் கீழும் ஓட்டி, ருபிடியத்தின் அதிர்வை அது தேடுகிறது.

பதில் 2

சப்ளை, சூடு இரண்டிலும் முதல் பதில்தான் என் கருத்தும். 3.1 ஹெர்ட்ஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் பழைய சாமான் வாங்கும் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நல்ல பெட்டியைக் கெட்டது என்று முடிவு கட்டுகிறார்கள்.

10 மெகாஹெர்ட்ஸில் 3.1 ஹெர்ட்ஸ் என்றால் கோடியில் 3 பங்கு பிழை. லாக் ஆன ருபிடியம் அவ்வளவு தள்ளிப் போக வழியே இல்லை. அது ருபிடியம்-87 அணுவின் 6.8346826 கிகாஹெர்ட்ஸ் மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே காந்தப்புலத்தை மாற்றும் திருகை ஒரு எல்லையிலிருந்து மறு எல்லை வரை சுற்றினாலும் நூறு கோடியில் சில பங்குதான் நகரும், அதாவது 10 மெகாஹெர்ட்ஸில் 0.02 ஹெர்ட்ஸ் போல. ஆகவே லாக் இருக்கும்போது 3.1 என்று அசையாமல் நிற்கிறது என்றால் தவறு கவுண்டரின் சொந்த டைம்பேஸில், அதாவது அது நேரத்தை எண்ணப் பயன்படுத்தும் உள்படிகத்தில். சூடேற்றப்படாத சாதாரணப் படிகம் இருக்கும் கவுண்டர் ஒரே மாதத்தில் இவ்வளவு நகர்ந்துவிடக் கூடும், உங்களுடையது எத்தனை வருடமாகத் திருத்தப்படாமல் கிடந்ததோ. வாங்கும்போது ஓவன் படிகம் (சூடேற்றி ஒரே வெப்பத்தில் வைக்கும் படிகம்) உள்ளதா என்று கேட்டீர்களா?

பெட்டி நல்லதா என்பதற்குக் கவுண்டர் தேவையே இல்லை, ஒரு மல்டிமீட்டர் போதும். கனெக்டரில் 5ஆம் முனை விளக்கு வோல்ட்டேஜ், 6ஆம் முனை லாக் அறிவிப்பு (லாக் ஆனால் கீழே இறங்கும்). நன்றாகச் சூடேறியபின் 5ஆம் முனையில் 3 முதல் 14 வோல்ட் வரை இருக்கலாம். 3ஐ நெருங்கினால் விளக்கு முடிவுக்கு வருகிறது என்று பொருள், அப்போது தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். இந்தப் பெட்டிகள் கோபுர நிலையங்களில் வருடக்கணக்கில் இரவு பகல் அணையாமல் ஓடியவை, எவ்வளவு ஓடியது என்று வெளியே எதுவும் சொல்லாது. இந்த ஒரு எண்தான் சொல்லும்.

கேட்டவர்

ரொம்ப நன்றி. 24 வோல்ட் 3 ஆம்பியர் சப்ளை மாற்றினேன், லாக் நாலரை நிமிடத்தில் வந்துவிட்டது. பழைய ஆடியோ ஆம்ப்ளிஃபயரிலிருந்து எடுத்த பெரிய ஹீட் சிங்க் பூட்டினேன், தகடு 41 டிகிரியில் நிற்கிறது, 30 மணி நேரமாக லாக் விழவில்லை. விளக்கு 6.4 வோல்ட். அளந்து முடித்ததும்தான் நிம்மதியாக மூச்சு வந்தது.

கவுண்டர் இன்னும் 3.1தான் காட்டுகிறது. அதில் ஓவன் இல்லை, திறந்து பார்த்தேன், சின்னப் படிகம் ஒன்றுதான். பின்பக்கம் வெளி ரெஃபரன்ஸ் நுழைவாய் (உள்படிகத்துக்குப் பதிலாக வெளி அலையை அளவுகோலாகக் கொடுக்கும் இடம்) இருந்தது, ருபிடியத்தை அதில் கொடுத்துவிட்டு முன்பக்கமும் அதையே அளந்தேன். 10,000,000.00 என்று அட்டகாசமாக வந்தது! இதோடு வேலை முடிந்ததா?

பதில் 2

முடியவில்லை, அந்த அளவீட்டை அழித்துவிடுங்கள். ருபிடியத்தை ருபிடியத்தோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். அது எவ்வளவு தவறாக ஓடினாலும் சுழியம்தான் வரும். மற்ற கடிகாரங்களை அளக்கும்போது இதே இணைப்பு மிக நல்லது, கவுண்டரின் படிகம் பற்றி இனி கவலை இல்லை. ருபிடியம் சரியா என்று பார்க்க மட்டும் வெளியிலிருந்து மூன்றாவது ஒன்று வேண்டும், அது ஜிபிஎஸ். உங்களிடம் ரிசீவர் இருக்கிறதா?

கேட்டவர்

யூ-பிளாக்ஸ் நியோ-6எம் பலகை ஒன்று இருக்கிறது, ஆன்டெனாவோடு. டைமிங் ரிசீவர் என்றால் எல்ஈஏ-6டி அல்லது நியோ-எம்8டி வேண்டும் என்கிறார்கள், அதையும் பழையதாக வாங்கணுமா?

பதில் 3

இந்த வேலைக்கு வேண்டாம், இருப்பதே போதும். நியோ-6எம்மின் நொடித் துடிப்பு (நொடிக்கு ஒருமுறை அது தரும் துடிப்பு) 30 நானோ நொடி அளவுக்குத் துல்லியம் (சராசரிப் பிழை), அது 21 நானோ நொடிப் படிகளாக முன்பின் தாவும். ஒரு துடிப்பைப் பார்த்தால் மோசம்தான், ஆனால் ஒரு நாள் முழுக்கப் பார்த்தால் 86,400 நொடியில் 30 நானோ நொடி ஒன்றுமே இல்லை. டி என்று முடியும் மாடல்கள் இருப்பிடத்தை நிலையாகப் பிடித்துக்கொண்டு நேரத்தை மட்டும் கணக்கிடும், ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு தாவல் என்று எண்ணாகவும் சொல்லும். பின்னால் ஒரு ஓவன் படிகத்தை ஜிபிஎஸ்ஸோடு பூட்ட நினைத்தால் அப்போது வாங்குங்கள். வாங்கும்போது மேல் ஒட்டை மட்டும் நம்பாமல், பலகை கணினியில் சொல்லும் பதிப்பின் படத்தைக் கேளுங்கள். மேலே ஒரு பெயரும் உள்ளே வேறு சில்லும் இருக்கும் பலகைகள் நிறைய சுற்றுகின்றன.

அப்படியே, யாராவது ட்ரிம்பிள் தண்டர்போல்ட்டை (ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய 10 மெகாஹெர்ட்ஸ் பெட்டி) காட்டித் தேதி தப்பு, உடைந்தது, வேண்டாம் என்று சொன்னால் அதற்காக மட்டும் விட்டுவிடாதீர்கள். ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும், அதைப் பழைய மென்பொருள் கையாளும் விதத்தால் 2017 ஜூலை 30 முதல் அந்தப் பெட்டி தேதியைத் தவறாகச் சொல்கிறது. 10 மெகாஹெர்ட்ஸும் நொடித் துடிப்பும் சரியாகவே வரும். ஆனால் +5, +12, -12 என்று மூன்று சப்ளை கேட்கும், விலை பேசும்போது அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பதில் 2

சரி, அளக்கும் முறை. ருபிடியத்தின் சைன் அலையைச் சதுரமாக்கி, மைக்ரோகன்ட்ரோலர் பிரிப்பான் ஒன்றால் ஒரு கோடியால் வகுத்து நொடித் துடிப்பு எடுங்கள். கவுண்டரை இரண்டு துடிப்புக்கு நடுவே உள்ள நேரத்தை அளக்கும் நேர இடைவெளி முறையில் வையுங்கள்: ஏ நுழைவாயில் ஜிபிஎஸ் துடிப்பு, பி நுழைவாயில் ருபிடியம் துடிப்பு. வெளி ரெஃபரன்ஸைக் கழற்றிவிட்டாலும் பரவாயில்லை, காரணம் இருக்கிறது. அளப்பது சில பத்து மைக்ரோ நொடிதான் என்றால், கோடியில் 3 பங்கு பிழை அதில் ஒரு நானோ நொடியின் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். எனக்கு இந்த முறையில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான், சுமாரான கவுண்டரை வைத்தே நல்ல ருபிடியத்தைச் சோதித்துவிடலாம்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். இடைவெளி சிறியதாக இருக்க வேண்டும். பி துடிப்பு 0.9 நொடி கழித்து வந்தால் அதே பிழை 0.28 மைக்ரோ நொடியாகப் பெருகிவிடும். பிரிப்பானை ஜிபிஎஸ் துடிப்போடு ஒருமுறை ஒத்திசைத்து, பி துடிப்பு ஒரு 100 மைக்ரோ நொடி பின்னால் வரும்படி தொடங்குங்கள். சரியாகச் சுழியத்தில் தொடங்கினால், ருபிடியம் வேகமாக ஓடும்பட்சத்தில் பி முந்திப்போய் கவுண்டர் 0.9999 என்று காட்டத் தொடங்கிவிடும், நான் இப்படி இரண்டு நாள் தரவை இழந்திருக்கிறேன்.

கணக்கு எளிது: ஒரு நாளில் 86.4 மைக்ரோ நொடி நகர்ந்தால் நூறு கோடியில் 1 பங்கு பிழை.

கேட்டவர்

24 மணி நேரம் ஓடியது. 100.2இல் தொடங்கி 69.2 மைக்ரோ நொடியில் நிற்கிறது. 31 குறைந்திருக்கிறது, அப்படியென்றால் ருபிடியம் வேகம், நூறு கோடியில் 0.36 பங்கு. சரிதானே? 10 மெகாஹெர்ட்ஸில் 0.0036 ஹெர்ட்ஸ்! நான் 3.1 என்று பயந்துகொண்டிருந்தேன். திருப்பி அனுப்பவில்லை. திருகை எப்போது தொடலாம்?

பதில் 1

கணக்கு சரி. அணைத்து வைத்திருந்து, பயணம் செய்து வந்த பெட்டிக்கு இது ரொம்ப நல்ல எண். இன்னும் மூன்று நான்கு நாள் அணைக்காமல் ஓடவிட்டு அப்புறம் திருகுங்கள். திருகு உள்ளே ஒரு சுருளின் காந்தப்புலத்தை மாற்றுகிறது. புலம் கூடினால் அதிர்வெண் ஏறும், அதுவும் புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப, ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு நகரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கால் சுற்று, ஒரு நாள் அளவீடு, மறுபடி கால் சுற்று. சப்ளையின் ட்ரான்ஸ்ஃபார்மரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் முதலில் அதைத் தள்ளி வையுங்கள், வெளிக் காந்தப்புலமும் இதே வழியில் உள்ளே கை வைக்கும். விசிறி நேராகப் பெட்டிமேல் அடிக்க வேண்டாம், காற்று விட்டுவிட்டு வந்தால் வரைபடத்தில் அலை அலையாகத் தெரியும்.

கேட்டவர்

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். ட்ரான்ஸ்ஃபார்மரை மேசைக்குக் கீழே மாற்றினேன், நான்கு நாள் ஓடவிட்டேன். முதல் கால் சுற்றில் நாளுக்கு 31 என்பது 19 ஆனது, அடுத்ததில் 8, அதற்கடுத்து மிகச் சின்னதாகத் திருகியதில் கடைசி 24 மணி நேரத்தில் 0.9 மைக்ரோ நொடி. இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்க்கவா?

பதில் 2

வேண்டாம். அது லட்சம் கோடியில் 10 பங்கு, கையால் திருகி இதற்கு மேல் போனால் தகட்டின் வெப்ப ஏற்ற இறக்கத்தைத்தான் துரத்திக்கொண்டிருப்பீர்கள். திருகின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிடுங்கள். தினமும் இடைவெளியையும் விளக்கு வோல்ட்டேஜையும் தகட்டு வெப்பத்தையும் ஒரு வரியாக எழுதி வையுங்கள், மாதக் கடைசியில் அந்தப் பட்டியலை இங்கே போடுங்கள், எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்போம்.