எமானுவேல் ரீவாவை நீங்கள் முதலில் எங்கே கண்டீர்கள்?

பாரிஸிலிருந்து

நான் வயோதிபர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைப் பராமரிக்கிற வேலை செய்கிறேன். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்திவிடுவது, தலை இழுத்துவிடுவது எல்லாம் என் பொறுப்பு. 2013இல் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியின் மகள், "இது உங்களுக்கு விளங்கும்" என்று சொல்லி ஒரு டிவிடி தந்தார். மிக்கேல் ஹனேக்கே இயக்கிய 'அமூர்' என்ற படம். அதில் ஆன் என்ற மூதாட்டியாக நடித்த பிரெஞ்சு நடிகை எமானுவேல் ரீவாவின் பெயரை அந்த உறையில்தான் முதன்முதலாக வாசித்தேன்.

ஆன், ஜோர்ஜ் என்று வயதான தம்பதி, இரண்டு பேருமே ஓய்வுபெற்ற இசை ஆசிரியர்கள். ஒரு நாள் காலை குசினி மேசையில் ஆன் அப்படியே உறைந்துபோகிறார். கண் திறந்திருக்கிறது, கூப்பிட்டால் கேட்கவில்லை. ஜோர்ஜ் பைப்பைத் திறந்து, துவாயை நனைத்து அவருடைய முகத்தில் ஒற்றிப் பார்க்கிறார். அசைவே இல்லை. பைப்பை மூட மறந்து, உடுப்பு மாற்ற உள்ளே போகிறார். அங்கே நிற்கும்போது தண்ணீர்ச் சத்தம் நின்றுவிடுகிறது. ஓடி வந்து பார்த்தால், ஏன் பைப்பைத் திறந்துவிட்டுப் போனீர்கள் என்று கேட்கிறார் ஆன். நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது. பிறகு தேத்தண்ணி ஊற்றப் போகிறார், கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறார். அந்த இடத்தில் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பாரிசவாதம் இப்படித்தான் முதலில் வாசலில் வந்து நிற்கும். அதை நான் வேலை செய்த வீடுகளில் கண்டிருக்கிறேன்.

என்னை உலுக்கியது வேறு ஒரு காட்சி. புதிதாக வேலைக்கு வந்த தாதி ஆனுக்குத் தலை இழுக்கிறாள். முரட்டுத்தனமாக இழுக்கிறாள், பிறகு எவ்வளவு வடிவு பாருங்கள் என்று முகத்துக்கு நேரே கண்ணாடியை நீட்டுகிறாள். ஆன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்தத் தாதியை ஜோர்ஜ் கணக்கு முடித்து அனுப்பிவிடுகிறார். நான் படத்தை அதிலேயே நிறுத்திவிட்டேன். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று நானும் இப்படி இழுத்திருக்கிறேன். "இப்ப வடிவாயிருக்கிறீங்கள்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். மறுநாள் அந்த மூதாட்டிக்கு முன்னால் சீப்போடு நின்று, இழுக்கலாமா என்று முதல் தடவையாகக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அந்தப் படத்தை எடுக்கும்போது ரீவாவுக்கு 84 வயது. நோயாளியாக நடித்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வலியைக் காட்டுவார்கள். ரீவா காட்டியது வெட்கம். இன்னொருவர் கையால் கழுவப்படும்போது ஒரு மனிசிக்கு வருகிற வெட்கமும், அதற்கு அடியில் இருக்கிற கோபமும். இது வெளியில் தெரியாத விஷயம். அவர் எங்கே படித்தார் என்று தெரியவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு தேடி வாசித்தேன். 1927 பெப்ரவரி 24ஆம் தேதி வோஜ் மலைப்பக்கத்தில் பிறந்து, ரெமிர்மோன் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். தகப்பன் பெயர்ப்பலகை எழுதுகிறவர். மகள் தையல் வேலை செய்துகொண்டிருந்தாள். பத்திரிகையில் நாடகப் பள்ளி விளம்பரம் ஒன்றைக் கண்டு, 26 வயதில் பாரிசுக்கு வந்துவிட்டாள். அந்த வயதில் ஊரைவிட்டு வந்து மற்றவர்களின் துணிகளைத் தைத்த பெண்கள் எங்கள் குடும்பத்திலும் உண்டு. அதனாலும் எனக்கு அவரில் ஒரு பிடிப்பு.

நீங்கள் அவரை எந்தப் படத்தில், எப்படிக் கண்டீர்கள் என்று எழுதுங்களேன்.

லியோனிலிருந்து

அக்கா, நான் பின்வாசலில் நுழைந்தவன் இல்லை, முன்வாசலில் நுழைந்தவன். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த காலத்தில் 'ஹிரோஷிமா மோன் அமூர்' பார்த்தேன். 1959இல் வந்த படம். இயக்கம் அலென் ரெனே, எழுதியது மார்கெரித் துராஸ். அந்த வருஷம் கான் விழாவில் போட்டிப் பிரிவுக்கு வெளியே வைத்துத்தான் திரையிட்டார்கள், அமெரிக்காவின் மனம் கோணக்கூடாது என்பதற்காக.

வகுப்பில் எல்லாரும் கதையைப் பற்றிப் பேசினார்கள். நான் அதில் கதாநாயகியாக நடித்த ரீவாவின் குரலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு மொழியை நான் காதால் கற்றுக்கொண்டது அந்த ஒரு பெண்ணிடம்தான் என்று சொல்லுவேன். வாக்கியத்தை முடிக்கும்போது குரலைக் கீழே இறக்காமல் அந்தரத்தில் விட்டுவிடுவார். கூட நடித்த எய்ஜி ஒகாதாவுக்குப் பிரெஞ்சு தெரியாது, வசனங்களை ஒலியாகவே மனப்பாடம் செய்து பேசினார். மொழி தெரியாத ஒருவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவ்வளவு நெருக்கமாகப் பேசுவது எத்தனை பெரிய வேலை!

கதையில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. போரின்போது நெவேர் நகரத்தில் ஒரு ஜெர்மன் சிப்பாயைக் காதலித்ததற்காக அவளுடைய தலையை மழித்துவிடுகிறார்கள், நிலவறையில் அடைத்துவைக்கிறார்கள். அவள் விரல்களைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து ரத்தத்தை நக்குவாள். லியோனுக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம் ஒரு சனிக்கிழமை ரயிலேறி நெவேருக்குப் போனேன். லுவார் ஆறு அகலமாக, அவசரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தில் நின்றுவிட்டுத் திரும்பினேன். பார்த்தே ஆகவேண்டிய எதையும் தேடிப் போகவில்லை. அவர் நடந்த ஊரில் நானும் கொஞ்சம் நடந்தேன், அவ்வளவுதான்.

ஹிரோஷிமாவிலிருந்து

நான் இங்கே ஆராய்ச்சி மாணவி. அண்ணா சொன்ன படத்தை இங்கே வருவதற்கு முன் பார்த்திருந்தேன். ஆனால் எனக்கு ரீவா நெருக்கமானது அவர் எடுத்த புகைப்படங்களால். 1958இல் படப்பிடிப்புக்காக வந்தவர், இடைவேளைகளில் ஒரு ரிகோஃப்ளெக்ஸ் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்து படம் எடுத்திருக்கிறார். சிறுவர்கள், ஆற்றங்கரைக் குடிசைகள், கடைத்தெரு. ஐம்பது வருஷம் கழித்துத்தான் அவை புத்தகமாக வெளிவந்தன. குண்டு விழுந்து பதின்மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தப் படங்களில் பிள்ளைகள் நேராக அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒரு வெளிநாட்டுக்காரியைப் பார்த்து அப்படிச் சிரிப்பதற்கு, அவள் முதலில் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஓத்தா ஆற்றங்கரையில் தினமும் சைக்கிளில் போகிறேன். இன்று அங்கே குடிசை ஒன்றுகூட இல்லை.

ஒரு சந்தேகம். 1959க்கும் 'அமூர்' வந்த 2012க்கும் நடுவே அவர் எங்கே போனார்?

லியோனிலிருந்து

எங்கேயும் போகவில்லை தங்கை. 1961இல் இயக்குநர் மெல்வில் எடுத்த பாதிரியார் லியோன் மொரேனின் கதையில் ழான்-போல் பெல்மோந்தோவுடன் நடித்தார். கம்யூனிஸ்டு விதவை ஒருத்தி, பாவமன்னிப்புக் கூண்டில் மண்டியிட்டு, மதம் மக்களின் அபின் என்று பாதிரியாரிடம் சொல்வாள். வம்புக்குப் போனவள் அவரிடமே மனதைக் கொடுத்துவிடுவாள். அடுத்த வருஷம் 'தெரேஸ் தெஸ்கெய்ரூ', அதற்கு வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது. அதற்குப் பிறகு நட்சத்திரமாக நீடிக்கத் தேவையான படங்களை அவர் தேடிப் போகவில்லை. மேடைக்குப் போனார், கவிதை எழுதிப் புத்தகமாக வெளியிட்டார். 1993இல் கீஸ்லோவ்ஸ்கியின் 'நீலம்' படத்தில் ஜூலியெத் பினோஷின் அம்மாவாக வருகிறார். முதியோர் இல்லத்தில் டிவி பார்த்துக்கொண்டு, எதிரே நிற்கும் மகளை வேறு பெயர் சொல்லி அழைப்பார். சில நிமிடங்கள்தான். அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்த பிறகுதான் அது அவர் என்று எனக்குத் தெரிந்தது.

பாரிஸிலிருந்து இன்னொருவர்

நான் அவரை நேரிலேயே பார்த்தேன், மேடையில். 2014இல் மோன்மார்த்ர் அடிவாரத்தில் இருக்கும் அத்தெலியே நாடக அரங்கில் துராஸின் 'சவானா பே'. மலிவு டிக்கெட், கடைசி வரிசை. அதற்கு முந்தின வருஷம் தன் 86ஆவது பிறந்தநாளன்று ஆஸ்கர் விழாவில் உட்கார்ந்திருந்தவர். சிறந்த நடிகைப் பிரிவில் அவ்வளவு வயதில் பரிந்துரைக்கப்பட்டவர் அதுவரை வேறு யாரும் இல்லை. ஆஸ்கர் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு நாளுக்கு முன்புதான் இங்கே பிரெஞ்சுத் திரைப்படங்களுக்கான சேஸார் விருதை வாங்கியிருந்தார்.

அந்த நாடகத்தில் அவர் ஞாபகம் நழுவிக்கொண்டிருக்கும் ஒரு கிழட்டு நடிகை. இளம் பெண்ணொருத்தி அவரிடம் பழைய கதையைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். ரீவா நீண்ட மௌனங்கள் விட்டார். பாத்திரம் மறந்துபோனதா, அவரே வரியை மறந்துவிட்டாரா என்று ஒரு தடவை அரங்கமே மூச்சைப் பிடித்தது. பிறகு அந்த வரி வந்தது, மெதுவாக, சரியான இடத்தில். எனக்குப் பக்கத்திலிருந்த முதியவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரை எனக்குத் தெரியாது.

பாரிஸிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. 'நீலம்' படத்தைப் பார்க்கிறேன் தம்பி.

ரீவா 2017 ஜனவரி 27இல் புற்றுநோயால் இறந்துபோனார். இருபதாம் வட்டாரத்தில் ஷரோன் தேவாலயத்தை ஒட்டி, கிராமத்துச் சேமக்காலை போல ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கேதான் அடக்கம் செய்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், மல்லிகை தேடிக் கிடைக்காமல் வெள்ளைச் செவ்வந்தி வைத்துவிட்டு வந்தேன்.

அவர் இறந்த பிறகு திரைக்கு வந்த 'பரி பியே நு' பார்த்தீர்களா? முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்து வீட்டைவிட்டு ஓடுகிற மார்தா என்ற கிழவி. ஒரு வாங்கில் நடிகர் பியேர் ரிஷாரோடு உட்கார்ந்தபடியே, பாதங்களால் மட்டும் நடனமாடுவார். நான் இப்போது பார்த்துக்கொள்கிற மதாமுக்கு வயது 91. எழும்பி நடக்க ஏலாது. போன கிழமை அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். அந்தக் கால்கள் ஆடி முடிந்ததும் இன்னொருக்காப் போடச் சொன்னார். போட்டேன். மூன்றாம் தரமும் கேட்டார்.