புல்லட் 350 பாயின்ட் டைமிங்: 0.8 மி.மீ. கணக்கா, காதா?

காஸ்ட்அயர்ன்350:
பாயின்ட் (திறக்கும்போது பிளக்ல தீப்பொறி வரவைக்கிற கான்டாக்ட்) மாடல் புல்லட், 12 வோல்ட். புது பாயின்ட் மாட்டியதிலிருந்து கிக்கர் திருப்பி அடிக்குது. பாயின்ட் உட்கார்ற பிளேட்டை பழைய கோட்டில்தான் வச்சேன். அப்புறம் டைமிங், அதாவது தீப்பொறி வர்ற நேரம், எப்படி மாறும்?

ஸ்பேனர்14:
பழைய கோடு பழைய பாயின்ட்டோட போச்சு. பாயின்ட்டைத் திறக்கிற கேம்ல உரசற ஃபைபர் ஹீல் தேயத் தேய கேப் (பாயின்ட் இடைவெளி) குறையும், பாயின்ட் லேட்டாத் திறக்கும். அதுக்கேத்தபடி போட்ட கோடு அது. புதுசுல கேப் கூடினதும் சீக்கிரம் திறக்குது, டைமிங் அட்வான்ஸ் ஆகிடுச்சு, அதாவது தீப்பொறி முன்னாடியே வருது, அதான் கிக்கர் அடிக்குது.

முதல்ல கேப்: பாயின்ட் முழுசா விரிஞ்ச இடத்தில் 0.35 முதல் 0.40 மி.மீ. அதுக்கப்புறம்தான் டைமிங். பிளக்கைக் கழட்டி, டாப் கியர் போட்டு, பின்சக்கரத்தை முன்பக்கமாவே உருட்டுங்க. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்தானான்னு பார்க்க, வால்வைத் தள்ளுற ரெண்டு புஷ்ராடும் விரலுக்குச் சுத்தணும். பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னாடி பாயின்ட் திறக்கணும். தாண்டிட்டா நல்லா பின்னாடி போய்த் திரும்ப வாங்க, இல்லைன்னா டைமிங் கியர்ல இருக்கிற ப்ளே ஏமாத்தும்.

திறக்கிற இடம் தெரிய சிகரெட் தாள் வேண்டாம், ஆம்ப்மீட்டர் போதும். லைட் எல்லாம் ஆஃப், சாவி ஆன். பாயின்ட் மூடியிருந்தா முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்த நொடி நடுவுக்குத் துள்ளும். சாவியை ரொம்ப நேரம் ஆன்ல விடாதீங்க, காயில் சுடும்.

காதுதான்கருவி:
அந்த 0.8ஐ எதால அளப்பீங்க அண்ணே? பிளக் துளையே சாய்வு. உள்ள விட்ட கம்பி 0.8 ஏறினா பிஸ்டன் ஏறினது 0.8 இல்லை. 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 0.8னா கிராங்க்ல சுமார் 10 டிகிரி, 0.4னா 7. முடி அளவு தப்பினாலும் 3 டிகிரி போச்சு. ஐடிலிங்ல பிளேட்டைத் திருப்பி, வேகம் ஏறி நிக்கிற இடத்திலிருந்து லேசா பின்னாடி வச்சா முடிஞ்சது.

ஸ்பேனர்14:
சாய்வு விஷயம் சரி, ஒத்துக்கறேன். துல்லியம் வேணும்னா பிரைமரி கவரைக் கழட்டி கிராங்க்ல டிகிரி தட்டு மாட்டணும். பிளக் துளையில ஸ்டாப்பர் போட்டு ரெண்டு பக்கமும் முட்ட விட்டு, நடுப்புள்ளியை எடுத்தா அதுதான் உச்சி.

ஆனா ஐடிலிங்கை நம்பறது தப்பு. ஐடிலிங்ல எஞ்சின் எப்பவும் அளவுக்கு மேல அட்வான்ஸ் கேட்கும், கொடுத்தா வேகமும் ஏறும். மேல் வேகத்தில் ஆட்டோ அட்வான்ஸ் (வேகம் கூடக்கூட எடைகள் விரிஞ்சு டைமிங்கை முன்னாடி தள்ளுற அமைப்பு) விரியும்போது மொத்தமும் சேர்ந்து நாக்கிங் (எஞ்சின் கிளிங்னு தட்டுறது). கேள்வி கேட்டவர் வண்டி ஏற்கெனவே கிக்கர்ல அடிக்குது, இன்னும் ஏத்தச் சொல்றீங்க!

காதுதான்கருவி:
ஆட்டோ அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருந்தா உங்க 0.8ம் வீண்தானே? எடை முழுசா மூடின நிலைக்கான அளவு அது. கடைசித் தீர்ப்பு ரோடுலதான்: டாப் கியர், 30 கி.மீ. வேகம், மேட்டுல த்ராட்டிலை முறுக்குங்க. கிளிங் கிளிங்னு கேட்டா பிளேட்டை கேம் சுத்துற பக்கமே ஒரு மயிரிழை நகர்த்துங்க. அதுக்கு மேல வேண்டாம், பிளேட்ல 1 டிகிரி கிராங்க்ல 2.

ஸ்பேனர்14:
மேட்டு சோதனைக்கு மறுப்பில்லை, அளவு வச்ச பிறகு. காஸ்ட்அயர்ன், கேமை விரலால் திருப்பி விடுங்க. டக்குன்னு பழைய இடத்துக்குத் திரும்புதா?

காஸ்ட்அயர்ன்350:
பாதி வரை வந்து நின்னுடுச்சு.

காதுதான்கருவி:
அப்ப ஆட்டோ அட்வான்ஸ் பாதி விரிஞ்சபடியே நிக்குது, கிக்கர் அடிக்கிறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்; பிளேட்டைத் தொடாதீங்க. கேமுக்குக் கீழே கிரீஸ் காய்ஞ்சிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு சொட்டு ஆயில் விட்டு, ஸ்பிரிங் ரெண்டையும் பாருங்க.