ஊர் வாய்க்குப் பயந்த குடும்பங்கள்: நாவல் ஒன்று சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் நான் பேச வேண்டும். சிற்றூர்க் குடும்பங்கள் மூடி வைக்கும் ரகசியம் அவர்களையே எப்படி அரிக்கிறது என்பது தலைப்பு. கைவசம் இருப்பது ஒரே நாவல்தான்: கிரேஸ் மெட்டாலியஸ் எழுதி 1956இல் வெளிவந்த ‘பெய்டன் பிளேஸ்’.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் நடக்கும் கதை. மணமாகாமல் மகளைப் பெற்ற கான்ஸ்டன்ஸ், பிறப்புச் சான்றிதழில் ஆண்டையே திருத்திவிடுகிறாள். தன் வயது என்னவென்றே தெரியாமல் வளர்கிறாள் அந்தப் பெண்! இன்னொரு வீட்டில் செலினா, தன்னைச் சீரழித்த மாற்றாந்தகப்பனைக் கொன்று ஆட்டுப்பட்டியில் புதைக்கிறாள். கையெழுத்துப் பிரதியில் அவன் பெற்ற தகப்பனாகவே இருந்தான். பதிப்பாளர்தான் மாற்றச் செய்தார். மூடி மறைப்பதைப் பற்றிய கதைக்குள்ளேயே ஒரு மூடி மறைப்பு, பாருங்கள்.

என் சிக்கல் இதுதான்: குடும்பத்தைக் குலைப்பது ரகசியமா, ஊர் வாய்க்கு அஞ்சுகிற அச்சமா? நீதிமன்றத்தில் மருத்துவர் உண்மையைப் போட்டு உடைத்த பிறகுதான் செலினா தப்பிக்கிறாள். அதனால் அச்சம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வட்டத்துப் பெரியவர் ஒருவர் இதை ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆகவே நேர்மாறாக, உண்மை வெளிப்பட்டதாலேயே குடும்பம் சிதறிப்போகிற நாவல் தெரிந்தால் சொல்லுங்கள். தமிழிலோ மொழிபெயர்ப்பிலோ இருக்கலாம். 200 பக்கங்களுக்குள் அடங்கினால் புண்ணியமாகப் போகும். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.