எதிர்ல வர்றவன் பிரேக் பிடிச்சுக்குவான்: ரோட்டு அனுபவங்கள்

ரயிலடித் தெரு:

எங்க ஊருக்கு மேம்பாலம் வருது வருதுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. இப்போதைக்கு ரயில்வே கேட்தான். கேட் சாத்தினதும் முதல்ல வர்ற பஸ், லாரி எல்லாம் இடதுபக்கம் ஒழுங்கா வரிசையில நின்னுடும். பின்னாடி வர்ற ஒரு கார்க்காரருக்கு மட்டும் வலதுபக்கம் காலியா இருக்கறது கண்ணுல படும். நேரா ஏறிப் போய் கேட்டுக்கு முன்னாடி முதல் ஆளா நிப்பார். அவ்வளவுதான், அவர் பின்னாடியே ஆட்டோ, டாடா ஏஸ், பைக்குங்க. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் இதே கதை. ரயில் போய் கேட்டைத் தூக்கினா, குருக்ஷேத்திரம் மாதிரி ரெண்டு படையும் முழு ரோட்டையும் அடைச்சுக்கிட்டு நேருக்கு நேர் நிக்கும். யாராலயும் நகர முடியாது. ஹாரன் மட்டும் நல்லா வேலை செய்யும்.

இதுல வேடிக்கை, தண்டவாளத்து மேல வண்டிங்க மாட்டிக்கிட்டா கேட்கீப்பரால திரும்பச் சாத்த முடியாது. எங்க கேட் சிக்னலோட இணைச்சது, பூட்டினாத்தான் ரயிலுக்கு சிக்னல் விழும். அடுத்த ரயில் ஊருக்கு வெளியிலயே நிக்கும். கடைசியில எல்லாரும் சேர்ந்து கேட்கீப்பரைத் திட்டுவாங்க, "எவ்ளோ நேரம்யா சாத்தி வைப்பே?"

வலதுபக்கம் ஏறி நின்ன ஒருத்தர்கிட்ட ஒரு தடவை கேட்டேன். "சார், எதிர்ல பஸ் நிக்குது. கேட் திறந்தா அது எந்த வழியா வரும்?" அவர் கோபப்படலை. ரொம்ப சாதாரணமா, "நாம போனா அவங்க ஒதுங்கிக்குவாங்க சார்" அப்படின்னார். பார்த்தா நல்ல மனுஷன்தான், பின்சீட்ல குழந்தைங்க வேற. ஆனா ஓட்டறது முழுக்க அடுத்தவன் பிரேக்கை நம்பி. எனக்கென்னமோ நம்ம ரோட்டுல நடக்கிற பாதிக் கூத்துக்கு இதுதான் வேர்னு தோணுது.

நீங்க பார்த்ததை எழுதுங்க. எந்த ரோடு, என்ன நடந்துச்சுன்னு. "நம்ம ஜனங்களே இப்படித்தான்"னு ஒரே வரியில முடிக்கறதா இருந்தா வேண்டாம்.

டெல்டா வண்டி:

தஞ்சாவூர் – பட்டுக்கோட்டை ரோடு, ராத்திரி. எதிர்ல ஒரு கார் ஹைபீம்லயே வருது. நான் டிம் பண்ணிட்டேன். அவர் பண்ணலை. ஒரு டிப் அடிச்சுக் காட்டினேன். பதிலுக்கு அவரும் ஒரு டிப் அடிச்சிட்டு, மறுபடி ஹைபீம்லயே வந்தார்! நான் வணக்கம் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டார் போல.

80 வேகத்துல போனா ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் கடக்கிறோம். கண்ணு கூசி ரெண்டு செகண்டு ஒண்ணும் தெரியலைன்னா 44 மீட்டர் குருட்டாம்போக்குதான். எங்க பக்கம் அந்த 44 மீட்டருக்குள்ள என்ன வேணா இருக்கும். சைக்கிள்ல போற பெரியவர், பின்னாடி ஒரு சிவப்பு வில்லைகூட இல்லாத டிராக்டர் டிரெய்லர், படுத்து அசைபோடற மாடு.

முன்னெல்லாம் ஹெட்லைட்டுல மேல்பாதிக்குக் கறுப்பு பெயின்ட் அடிச்சிருப்பாங்க. போலீஸ்காரங்களே வண்டியை நிறுத்தி கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினதும் உண்டு. இப்ப எல்.இ.டி. பல்பைத் தனியா வாங்கி, ஹாலஜன் பல்புக்குன்னு செஞ்ச ஹெட்லைட்டுக்குள்ள சொருகிடறாங்க. அந்த ரிஃப்ளெக்டரை, பல்புக்குள்ள இழை எந்த இடத்துல எரியும்னு கணக்குப் பார்த்து வளைச்சிருப்பாங்க. வெளிச்சம் கிளம்பற இடம் மாறிட்டா லோபீமே எதிராளி கண்ணுல போய் அடிக்கும். நிறுத்திக் கேட்டா "லோலதான் சார் இருக்கு"ன்னு சத்தியம் பண்ணுவார். அவர் சொல்றது நிஜமும்கூட. லைசன்ஸுக்கு எட்டுப் போடச் சொல்றாங்க, அதையும் பகல்ல போட்டுக் காட்டினா போதும். ராத்திரி எப்ப டிம் பண்ணணும்னு கேட்டு எனக்குத் தெரிஞ்சு யாரும் ஃபெயில் ஆனதில்ல.

எங்க ஊர்க்காரங்களையும் விட்டுட முடியாது. அறுவடை சமயத்துல பாதி ரோட்டுல நெல்லைக் காயப்போட்டு, சுத்தி கருங்கல்லை வரிசையா வெச்சிடுவாங்க. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா கொள்முதல் நிலையத்துல தள்ளிடுவாங்க, ஊர்ல களம் பத்தாது, எல்லாம் தெரியும். ஆனா சாயங்காலம் நெல்லை அள்ளிட்டுப் போறவங்க கல்லை அப்படியே விட்டுட்டுப் போறாங்களே, அதுக்கு என்ன காரணம்னுதான் புரியலை.

பத்துச்சக்கரம்:

எப்படியும் கடைசியில லாரிக்காரன்கிட்டதான் வந்து நிப்பீங்க, அதனால நானே வந்துடறேன். நாமக்கல் பக்கம். நான் இப்ப ஓட்டறதில்ல, மகன் ஓட்டறான்.

"லாரி ஏன் வலது லேன்லயே உருட்டுது"ன்னு எல்லாரும் கேட்கறீங்க. லோடு ஏத்திக்கிட்டு ஒரு நாள் இடது லேன்ல போய்ப் பாருங்க. பஞ்சராகி நிக்கிற வண்டி, டீக்கடை வாசல்ல நிக்கிற வண்டி, ஊர் ரோட்டுலேந்து திரும்பிக்கூடப் பார்க்காம ஏறுற மொபெட், ராங்சைடுல நேரா எதிர்ல வர்ற பைக். 25 டன்னை ஒவ்வொருத்தருக்காகவும் நிறுத்தி, மறுபடி முதல் கியர்லேந்து எடுத்துக்கிட்டுப் போனா டீசலும் கட்டாது, நேரமும் கட்டாது. அதனால வலதுல ஏறினவன் அங்கேயே குடித்தனம் பண்ணிடறான். சரின்னு சொல்ல வரலை, காரணத்தைச் சொன்னேன்.

அதைவிட மோசமான ஒண்ணு எங்க ஆளுங்ககிட்ட இருக்கு. "ஓவர்டேக் பண்ணிக்கோ"ன்னு பின்னாடி வர்றவனுக்கு வலது இண்டிகேட்டர் போடறது. நிஜமாவே வலதுபக்கம் திரும்பறதுக்கும் அதே இண்டிகேட்டர்தான். ரெண்டுல எதுன்னு பின்னாடி வர்றவன் ஜோசியம் பார்க்கணும். எங்க காலத்துல கிளீனர் பையன் கையை வெளியில நீட்டி வான்னு ஆட்டுவான், இல்லைன்னா நில்லுன்னு காட்டுவான். இப்ப கிளீனருக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகாம நிறைய வண்டியில டிரைவர் ஒண்டியாத்தான் போறான்.

ஆனா எனக்கு மன்னிக்கவே மனசு வராதது தொப்பூர் கணவாய்தான். தர்மபுரியிலேந்து சேலம் பக்கம் இறங்கறப்ப டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடறாங்க. சிலர் இன்ஜினையே அணைச்சிடறாங்க. கியர்ல இருந்தா இன்ஜினே வண்டியை வேகம் எடுக்க விடாமப் பிடிச்சுக்கும். நியூட்ரல்ல மொத்த பாரமும் பிரேக் லைனிங் தலையில விழுது. இறக்கம் முடியறதுக்குள்ள அது சூடேறிப் பிடிமானம் போயிடும். லாரி பிரேக் காத்துலதான் வேலை செய்யும். இன்ஜின் ஓடலைன்னா அந்தக் காத்தை அடைக்கிற கம்ப்ரசரும் ஓடாது, மிதிக்க மிதிக்க டாங்கியில இருக்கிற காத்து குறைஞ்சுக்கிட்டே வரும். அப்புறம் முன்னாடி போற கார் மேல ஏறித்தான் லாரி நிக்கும். ரெண்டாவது கியர்ல உறுமிக்கிட்டு இறங்கறவனைப் பார்த்து கார்க்காரங்க ஹாரன் அடிக்கறீங்களே, அவன்தான் ஒழுங்கா ஓட்டறவன். அவனை விட்டுடுங்க.

ஸ்கூட்டிக்காரி:

சென்னை, மேடவாக்கம் பக்கம். சிக்னல்ல இன்னும் 15 செகண்டு பாக்கி. பின்னாடி கார்க்காரர் ஹாரன்லேந்து கையையே எடுக்கலை. திரும்பி, சிவப்பைக் கையால காட்டினேன். கண்ணாடியை இறக்கிட்டு, "ஏம்மா, எல்லாரும் போயிட்டாங்க, நீ மட்டும் என்ன நிக்கறே?" அப்படிங்கறார். சிவப்புல நிக்கறதுக்கு நான் விளக்கம் வேற கொடுக்கணும்.

இன்னொரு நாள் ஒரு தண்ணி லாரி என்னை இடதுபக்கமா ஒடிச்சு நடைபாதை ஓரத்துல ஏத்திடுச்சு. அப்புறம் அந்த டிரைவரே எட்டிப் பார்த்து, "வூட்ல சொல்லிட்டு வந்தியா?" "சொல்லிட்டுத்தாண்ணே வந்தேன், ஆறு மணிக்கு வந்துடுவேன்னு!" அப்படின்னு கத்தினேன். பஸ் ஸ்டாப்புல நின்னவங்க சிரிச்சுட்டாங்க. அவருக்கும் சிரிப்பு வந்துடுச்சு போல, பேசாம கிளம்பிட்டார்.

பொண்ணு படிக்கிற ஸ்கூல் வாசல் தனிக் கதை. காலையில பாதி ரோட்டுக்குக் கார்தான். நாலு இண்டிகேட்டரையும் மினுக்க விட்டுட்டு இறங்கிப் போயிடறாங்க. அந்த லைட்டைப் போட்டா நடுரோடும் பார்க்கிங் ஆயிடும்னு யார் சொல்லிக்கொடுத்தாங்களோ! வண்டி ரிப்பேராகி நின்னுட்டா மத்தவங்களை உஷார்படுத்த வெச்சது அது. ஜங்ஷன்ல நேராப் போறதுக்கு நாலையும் போட்டுக்கிட்டுப் போறவங்க வேற ரகம். வலது இண்டிகேட்டர் மட்டும் தெரியற கோணத்துல நிக்கறவன் என்ன நினைப்பான்?

ஒருத்தர் பையனை முன்னாடி விட்டு ஓட்டச் சொல்லி, தான் பின்னாடி உட்கார்ந்து வருவார். பையனுக்கு 14 வயசுகூட இருக்காது. மைனர் ஓட்டி ஏதாவது ஆயிட்டா வண்டிக்குச் சொந்தக்காரருக்கும் பெத்தவங்களுக்கும்தான் 25,000 ரூபாய் அபராதமும் மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலும்னு சொன்னேன். "ஸ்கூல் வரைக்கும்தானே மேடம்" அப்படின்னார். ஸ்கூல் வரைக்கும் மட்டும் லாரிங்க லீவு போல.

வெள்ளைச் சட்டை:

பைக்ல போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. பஸ்ஸை ஓவர்டேக் பண்றப்ப ஜன்னலை ஒரு பார்வை பார்த்துட்டுப் போங்க. எனக்கு வந்தது வெத்தலைச் சாறு. அன்னிக்கு இன்டர்வியூ.

நைட் டூட்டி:

ஆம்புலன்ஸ்ல வேலை பார்க்கிறேன். வழியே விடாம அடம்பிடிக்கிறவங்க குறைவுதான், அதைச் சொல்லணும். நிறைய பேருக்கு எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு தெரியாது. பதறிப்போய் நடுவுலயே நின்னுடுவாங்க. இடதுபக்கம் ஓரமாப் போய் மெதுவா நின்னா போதும், மிச்சத்தை எங்க பைலட் (ஆம்புலன்ஸ் டிரைவரை அப்படித்தான் சொல்வோம்) பார்த்துக்குவார்.

என் கோபம் பின்னாடி வர்றவங்க மேல. சைரன் போட்டு நாங்க கூட்டத்தைப் பிளந்துக்கிட்டுப் போவோம். அந்த வழியிலயே ஒட்டிக்கிட்டு ஒரு கார், அது பின்னாடி நாலஞ்சு பைக். திடீர்னு பிரேக் போட வேண்டி வந்தா நேரா எங்க பின்கதவுலதான் இடிப்பாங்க. கதவுக்கு இந்தப் பக்கம் நோயாளியோட கால் இருக்கு, நாங்க ஊசி போட்டுக்கிட்டு நிக்கறோம். முன்னாடி வழி விடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம், மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தத்துல வந்த 194-இ பிரிவு. தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்லேந்து புது அபராதத்தை வசூல் பண்றாங்க. பின்னாடி ஒட்டிக்கிட்டு வந்து யாரும் மாட்டி நான் பார்த்ததில்ல.

விபத்து நடந்த இடத்துல இன்னொண்ணு. வண்டியை மெதுவாக்கி வீடியோ எடுப்பாங்க, இறங்க மாட்டாங்க. கேட்டா போலீஸ், கோர்ட்டுன்னு பயம். உதவி பண்ணினவங்க பேரைச் சொல்லியே ஆகணும்னோ, சாட்சிக்கு வந்தே ஆகணும்னோ கட்டாயப்படுத்த முடியாது, அதுக்குன்னே 134-ஏ பிரிவு இருக்கு. பணத்துக்கும் தயங்காதீங்க. 2021 டிசம்பர்ல வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்துல, சேர்ந்திருக்கிற ஆஸ்பத்திரிகள்ல முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை வரம்புக்கு உட்பட்டு அரசாங்கமே கொடுக்குது.

பத்துச்சக்கரம் அண்ணன் எழுதினதைப் படிச்சப்ப தோணிச்சு. நாங்க தூக்கிட்டுப் போறவங்கள்ல நிறைய பேர் ஏதோ ரெண்டு லிட்டரையோ ரெண்டு நிமிஷத்தையோ மிச்சம் பிடிக்கப் போன யாரோ ஒருத்தரால வந்தவங்க. 2022-ல மட்டும் தமிழ்நாட்டு ரோட்டுல 17,884 பேர் செத்திருக்காங்க.

வளைவு நாப்பது:

நல்லதா ஒண்ணு எழுதறேன். ஆழியார்லேந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. குறுகலான மலைரோட்டுல ஏறுற வண்டிக்குத்தான் வழி, இறங்கற வண்டி ஒதுங்கி நிக்கணும். ஏறுற வண்டி வளைவுல நின்னுட்டா திரும்ப எடுக்கறது பாடு, பின்னாடி உருளும். மலையில இருக்கிறவங்களுக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டாம். லீவு நாள்ல வர்ற கார்களுக்குத் தெரியறதில்ல. வரையாடு தெரிஞ்சா வளைவு நடுவுலயே நிறுத்தி போட்டோ எடுக்கிற கூட்டம் அது.

நான் அரசு பஸ்ல மேல போய்க்கிட்டிருந்தேன். வளைவுல பாதி திரும்பினப்ப மேலேந்து ஒரு கார் உள்பக்கமா வந்து மூக்கோடு மூக்கு நின்னுடுச்சு. கார்க்காரர் ஹாரன் அடிக்கறார், பஸ்ஸைப் பின்னாடி எடுக்கணுமாம்! எங்க டிரைவர் ஹேண்ட்பிரேக் போட்டு, கண்டக்டரைச் சக்கரத்துக்குக் கட்டை போடச் சொல்லிட்டு இறங்கினார். அடிதடி ஆகப்போகுதுன்னு எல்லாரும் ஜன்னலுக்கு வந்துட்டாங்க. அவர் காருக்குப் பின்னாடி போய் நின்னு, "ஒடிங்க சார்... இன்னும் ஒடிங்க... நேராக்குங்க... போதும்" அப்படின்னு அவரே ரிவர்ஸ் எடுக்க வெச்சார். அப்புறம் ஜன்னல்கிட்ட போய், "நீங்க இறங்கறீங்க, நான் ஏறுறேன். நின்னு விட்டீங்கன்னா ரெண்டு பேரும் போயிடலாம் சார்" அப்படின்னுட்டு வந்து ஏறிக்கிட்டார். எனக்கு முன்சீட்டுப் பாட்டிக்குத்தான் ஏமாற்றம். "நாலு சாத்து சாத்தாம பாடம் எடுத்துக்கிட்டு இருக்கான் பாரு."

பைபாஸ் ஓரம்:

ராங்சைடு பைக்னு மேல எழுதியிருக்கே, அது எங்க ஊர்க்காரங்கதான். நாலுவழிச்சாலை போட்டப்ப ஊரை ரெண்டாக் கீறிட்டாங்க. வீடு இந்தப் பக்கம், வயலும் ரேஷன் கடையும் அந்தப் பக்கம். சட்டப்படி போய் வரணும்னா சுரங்கப்பாலம் வரைக்கும் போய்த் திரும்பணும். தலையில சுமையோட நடக்கிற பொம்பளைங்களும் இருக்காங்க, டிவிஎஸ் எக்ஸெல்ல புல்லுக்கட்டு கட்டிக்கிட்டு வர்றவங்களும் இருக்காங்க. சர்வீஸ் ரோடு கேட்டு மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போச்சு. ரோடு போட்டவங்க எங்களைக் கணக்குலயே எடுத்துக்கலை, நாங்க மட்டும் மரியாதையா மூணு கிலோமீட்டர் சுத்தணுமா?

பத்துச்சக்கரம்:

தம்பி, நீங்க கேக்கறது நியாயம். சர்வீஸ் ரோடு கேட்டு உட்காருங்க, நானும் வந்து உட்கார்றேன். ஆனா ராத்திரியில லைட்டும் இல்லாம எதிர்ல வந்தா, ஓட்டறவனுக்குப் புல்லுக்கட்டு மட்டும்தான் தெரியும், அதுவும் கடைசி நிமிஷத்துல. சர்வீஸ் ரோடு வர்ற வரைக்கும் வெள்ளைக்கோட்டைத் தாண்டி ஓரமா, மண்ணுல வாங்க.

பைபாஸ் ஓரம்:

மண்ணுலதான் உங்க லாரிங்க நிக்குதேண்ணே.