பள்ளித் திடலில் பழைய வேலி: நெடுங்காலம் அனுபவித்தால் நிலத்துக்கு உரிமை வருமா?

கேள்வி (பட்டர்வொர்த் பெற்றோர்):
எங்கள் தமிழ்ப்பள்ளித் திடலின் ஓரத்தை நெடுங்காலமாக வேலியிட்டு வாழை வளர்த்துவரும் பக்கத்து வீட்டுக்காரர், 12 ஆண்டுகள் கடந்துவிட்டதால் நிலம் தமக்கே உரியது என்கிறார். சட்டம் இதை ஏற்குமா?

மறுமொழி 1:
ஏற்காது, ஐயா. அவர் சொல்வது இந்தியச் சட்டக் கணக்கு. அங்கும் அரசு நிலத்துக்கு 30 ஆண்டுகள் வேண்டும். இங்கே மலேசியாவில் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், 48ஆம் பிரிவின்படி, அரசு நிலத்தை எவ்வளவு காலம் அனுபவித்தாலும் உரிமை தருவதில்லை. பள்ளி நிலம் பட்டா பெற்றதாக இருந்தாலும் 341ஆம் பிரிவு அவருக்குக் குறுக்கே நிற்கும்.

மறுமொழி 2:
முதலில் நில அலுவலகத்தில் பதிவைப் பார்த்து, உரிமம் பெற்ற அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல்லை உறுதி செய்யுங்கள். பள்ளிக்கென ஒதுக்கப்பட்ட அரசு நிலமானால், அனுமதியின்றிக் குடியேறுவது 425ஆம் பிரிவின்கீழ்க் குற்றமே.

மறுமொழி 3:
இந்தச் சட்டம் நமக்கும் கசப்பானதுதான்: தனியார் தோட்ட நிலத்தில் தலைமுறைகளாக இயங்கும் தமிழ்ப்பள்ளியும் நெடுங்காலம் அனுபவித்ததை மட்டும் காட்டி அந்நிலத்துக்கு உரிமை கோர முடியாது.