ஹீலா மான்ஸ்டர், பீடெட் லிசர்டு: ‘மணியுடும்பு’ எனலாமா?

அன்புடையீர்,

அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலங்களில் வாழும் ஹீலா மான்ஸ்டர், பீடெட் லிசர்டு என்ற நச்சு ஊர்வனவற்றுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டி நம் குழுமத்தில் தொடங்கிய இவ்வுரையாடலில் இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன: ‘நச்சுப்பல்லி’, ‘பாலைப்பல்லி’, ‘நச்சரணை’, ‘கிலா அரக்கன்’. இந்நான்கையும் ஏற்க இயலாமைக்கும், ‘மணியுடும்பு’ என்ற பெயரை முன்வைப்பதற்கும் உரிய காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சொல் செவிக்கு இனிதா என்பதைக் காட்டிலும், இவ்விலங்கை எதிர்கொள்பவர் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதில் அந்தச் சொல் அவரைத் தவறான பக்கம் தள்ளிவிடக் கூடாது என்பதே என் முதற்கவலை.

ஹீலோடெர்மா என்ற பேரினத்தில் இரு பிரிவுகள் உள்ளன. ஹீலா மான்ஸ்டர் எனப்படுவது அரிசோனாவிலும் மெக்சிகோவின் சொனோராவிலும் மிகுதியாகவும், யூட்டா, நெவாடா, கலிபோர்னியா, நியூ மெக்சிகோ மாநிலங்களின் ஓரப் பகுதிகளில் குறைவாகவும் வாழ்கிறது. பீடெட் லிசர்டு எனப்படுவது மெக்சிகோவின் பசிபிக் பக்கத்து வறண்ட காடுகளிலிருந்து குவாதமாலாவின் மொத்தாகுவா பள்ளத்தாக்கு வரை காணப்படுகிறது. நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்ட பீடெட் லிசர்டை 2013இல் ஆய்வாளர்கள் நான்கு இனங்களாகப் பிரித்தனர். ஆகவே நமக்கு வேண்டியது தனி விலங்கு ஒன்றின் பெயர் அன்று. அடைமொழி சேர்த்துச் சேர்த்து ஐந்து இனங்களையும் குறிக்க இடம் தரும் ஒரு பொதுப்பெயர்.

ஹீலா மான்ஸ்டர் ஏறத்தாழ அரை மீட்டர் நீளம் வளரும். கறுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த உடல், கொழுப்பைச் சேமித்து வைக்கும் தடித்த வால், மெதுவான நடை ஆகியவை அதன் அடையாளங்கள். பறவை முட்டை, ஆமை முட்டை, முயல் குட்டி போன்று ஓடித் தப்ப முடியாதவற்றையே அது உண்கிறது. வாழ்நாளின் பெரும்பகுதியை வளைகளிலும் பாறை இடுக்குகளிலும் கழித்துவிட்டு, இளவேனிற் பகல்களிலும் கோடை மழைக்குப் பிந்தைய இரவுகளிலும் வெளியே வருகிறது. மனிதர் அதைக் காண்பதும் பெரும்பாலும் அப்போதுதான். கண்டவர் நின்று வழிவிட்டால் அது தன் போக்கில் சென்றுவிடும். நெருங்கினால் வாயைப் பிளந்து சீறி எச்சரிக்கும். கடிபட்டோரில் பெரும்பாலோர் அதைக் கையில் எடுத்தவர்கள், சீண்டியவர்கள், அல்லது வீட்டில் வளர்த்தவர்கள்.

கடியின் தன்மையை விளக்குவது இங்கே இன்றியமையாதது. பாம்பின் நச்சுச் சுரப்பி மேல்தாடையோடு சேர்ந்தது. இதன் சுரப்பியோ கீழ்த்தாடையில் உள்ளது. விரியனுக்கு இருப்பது போன்ற உள்துளை கொண்ட பற்கள் இதற்கு இல்லை. பற்களின் ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள் வழியாகவே நஞ்சு ஏறுகிறது. தசையால் அழுத்திப் பீய்ச்சும் அமைப்பும் இல்லாததால், கவ்விய இடத்தை விடாமல் மென்றுகொண்டே இருந்தால்தான் நஞ்சு மிகுதியாக உட்செல்லும். எனவே எவ்வளவு நேரம் பிடித்திருந்தது என்பதே பெரும்பாலும் பாதிப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. அதைப் பிடித்து இழுத்தால் சதை கிழிவதோடு பற்களும் முறிந்து காயத்துக்குள் தங்கிவிடும். தாடைகளுக்கு இடையே உறுதியான குச்சியைச் செலுத்தி நெம்புவதும், கடிபட்ட கையை அதனோடு சேர்த்துத் தண்ணீரில் அமிழ்த்துவதும் அங்குள்ளோர் கையாளும் வழிகள்.

வலி உடனே தொடங்கிக் கை முழுவதும் பரவும். வீக்கம், வியர்வை, வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை தொடரலாம். சிலருக்குத் தொண்டையும் நாக்கும் வீங்கி மூச்சுப்பாதையே அடைபடக்கூடும்; உயிருக்கு உண்மையான ஆபத்து பெரும்பாலும் அங்கும், இரத்த அழுத்தம் கடுமையாக வீழும் இடத்திலும்தான் இருக்கிறது. இந்நஞ்சுக்கு நஞ்சுமுறி மருந்து இல்லை. வலியைத் தணித்து, நரம்பு வழியே நீர்மம் ஏற்றி, மூச்சுப்பாதையைக் காத்து, காயத்தில் முறிந்த பல் இருக்கிறதா எனத் தேடி எடுத்து, தசைவலிப்பு (டெட்டனஸ்) நோய்க்கான தடுப்பூசி இட்டு நோயாளியைத் தாங்கிக்கொள்வதே மருத்துவம். காயத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது ஆகியவை பாம்புக்கடிக்கு எவ்வளவு தவறோ அவ்வளவு இதற்கும் தவறு.

இவ்விலங்கைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறே நமக்கு ஓர் எச்சரிக்கை. 1869இல் விலங்கியலாளர் எட்வர்டு டிரிங்கர் கோப் இதற்குச் ‘சஸ்பெக்டம்’ என்ற இனப்பெயரை இட்டார்; பற்களின் பள்ளத்தைக் கண்டு, இது நஞ்சுடையதாக இருக்கலாம் என அவர் ஐயுற்றதைக் குறிக்கும் பெயர் அது. 1883இல் ஆய்வாளர்கள் வெயர் மிட்செலும் ரைக்கர்ட்டும் செய்த சோதனைகள் அந்த ஐயத்தை உறுதிப்படுத்தின. ஆனால் பொதுமக்களிடையே இதன் மூச்சுக்காற்றே கொல்லும் என்பது போன்ற கதைகள் பரவியிருந்தன. அவற்றை மறுப்பதற்காக, அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகர மருத்துவர் ஜார்ஜ் குட்ஃபெலோ 1891இல் வேண்டுமென்றே தம் விரலைக் கடிக்கச் செய்தார். சில நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தெழுந்தார். மறுமுனையில், 2024 பிப்ரவரியில் கொலராடோவில் வீட்டில் இதை வளர்த்த ஒருவர் கடிபட்டுச் சில நாள்களில் இறந்தார். தொட்டாலே மரணம் என்பதும் பொய். வளர்ப்புப் பிராணியாக மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பதும் பொய்.

இனி, வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம். ‘நச்சுப்பல்லி’ என்பதில் என் தடை மிகக் கடுமையானது. நம் வீட்டுச் சுவரில் வாழும் பல்லிக்கு நஞ்சே கிடையாது. அது விழுந்த உணவில் கிருமி கலந்திருக்கலாம் என்பதால் அதைக் கொட்டிவிடுவது சரி. ஆனால் பல்லியே நஞ்சு என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் இன்றும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்நிலையில் பாடநூலிலோ அகராதியிலோ ‘நச்சுப்பல்லி’ என்று ஒரு சொல் ஏறிவிட்டால், அது அரிசோனாவிலேயே நிற்காது. நம் சமையலறைச் சுவருக்கு வந்துவிடும். ‘நச்சரணை’யின் நிலை அதனினும் மோசம். ‘அரணை கடித்தால் மரணம்’ என்ற வழக்கு ஒன்றும் அறியாத அரணைகளை அடித்துக் கொல்லக் காரணமாகியிருக்கிறது. அறிவியலின் பெயரால் அந்த வழக்குக்கு நாமே முத்திரை குத்தலாகாது. இராஜஸ்தானில் உடும்புக் குஞ்சைக் கொடிய நஞ்சுடையது எனக் கருதி அடிக்கும் வழக்கமும் உண்டு என்பதை இங்கே நினைக்கலாம்.

‘பாலைப்பல்லி’யில் இரு குறைகள் உள்ளன. பீடெட் லிசர்டு பெரும்பாலும் வறண்ட காடுகளில் வாழ்வது, பாலையில் அன்று. பாலையில் வாழும் ஊர்வனவற்றில் மிகப் பெரும்பாலானவை நஞ்சற்றவை. தார்ப் பாலைவனத்தின் முள்வால் ஓந்தி இலைதழை உண்ணும் சாதுவான உயிர், எண்ணெய்க்காக ஏற்கெனவே கொல்லப்பட்டு வருவது. ‘கிலா அரக்கன்’ குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை: இவ்விலங்குக்குப் பெயர் தந்த ஆற்றின் பெயர் ‘ஹீலா’ என்றே ஒலிக்கப்படுகிறது, விலங்கை அரக்கனாக்குவது நம் வேலையும் அன்று.

‘மணியுடும்பு’ என்பதை நான் இரு பகுதிகளாகவே எண்ணினேன். இவ்விலங்கின் தோலுக்கடியில் சிறு எலும்புருண்டைகள் நெருங்கிப் பதிந்திருப்பதால், உடல் முழுவதும் மணி கோத்துப் போர்த்தியது போலத் தோன்றும். ஹீலோடெர்மா என்ற கிரேக்க வழிப் பெயர் அதையே ‘ஆணித்தோல்’ என்கிறது. நம் கண்ணுக்கு ஆணியைவிட மணியே பொருத்தமாகத் தெரிகிறது, கழுத்துப் புள்ளிகளால் மணிப்புறா என்று நாம் முன்பே ஒரு பறவையை அழைத்து வருகிறோம். உடும்பு என்ற பகுதிக்கும் காரணம் உண்டு. பல்லி, அரணை, ஓணான் ஆகியவற்றைவிட உடும்புக்கே இவ்விலங்கு வகைப்பாட்டில் நெருக்கமானது. இரண்டும் அங்குயிமார்ஃபா என்ற பெருங்கிளையில் அடங்குபவை. பருத்த உடல், பிளவுபட்ட நாக்கு, முட்டை தேடி உண்ணும் பழக்கம் ஆகியவற்றிலும் ஒப்புமை காணலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘உடும்புப்பிடி’ என்ற சொல்லை அறிந்த எந்தத் தமிழருக்கும், இது கவ்வினால் விடாது என்ற தலையாய எச்சரிக்கை பெயரிலேயே கிடைத்துவிடுகிறது. நம் உடும்பின் பிடி நகத்தில், இதன் பிடி தாடையில் என்ற வேறுபாட்டை விளக்கத்தில் சொல்லிவிடலாம்.

உங்கள் கருத்துகளை எதிர்நோக்குகிறேன்.

*மறுமொழி, குழும உறுப்பினரான மருத்துவர் ஒருவரிடமிருந்து:*

ஐயா, வணக்கம். பல்லி, அரணை இரண்டையும் விலக்கியதை முழுமனத்தோடு ஏற்கிறேன். பல்லி விழுந்த பாலைக் குடித்துவிட்டதாக அஞ்சி வருவோரின் பதற்றத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆயினும் உங்கள் பெயரில் எனக்கு ஒரு கவலை உள்ளது. உடும்பைக் கையால் பிடித்த, உண்ட மரபு நம்மிடையே உண்டு. உடும்பு என்றதும் யாரும் நஞ்சை நினைப்பதில்லை. அயல்நாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்க்கும் ஆசை இந்தியாவிலும் பரவிவரும் காலத்தில், பெயரில் ‘நச்சு’ இல்லாமற்போவது ஆபத்தில்லையா? ‘நச்சுமணியுடும்பு’ என்று வைத்தால் என்ன?

*மறுமொழி:*

அன்புள்ள மருத்துவர் ஐயா,

உங்கள் கேள்வி நியாயமானது. அதை எளிதில் தள்ள முடியாது. எனினும் நம் மொழி நஞ்சுடைய உயிர்களுக்குப் பெயரிட்டிருக்கும் முறையைப் பாருங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கில் எதிலும் ‘நச்சு’ என்ற சொல் இல்லை. தோற்றமும் இயல்புமே பெயராகியுள்ளன. அவற்றின் கொடுமையை மக்கள் அறிந்தது சொல்லப்பட்ட செய்தியால். மணியுடும்புக்கும் அச்செய்தியைப் பெயரோடு ஒட்டாமல் விளக்கத்தில் முதல் வரியிலேயே வைப்போம். தவிர, ‘நச்சுமணியுடும்பு’ என்றால் நஞ்சில்லாத மணியுடும்பும் ஒன்று இருப்பதாகப் பொருள்படும். ஐந்து இனங்களும் நஞ்சுடையவை.

மற்றொன்றையும் கருத வேண்டும். இந்நஞ்சிலிருந்து 1992இல் ஆய்வாளர் ஜான் எங் பிரித்தறிந்த எக்செண்டின்-4 என்ற பொருளே, செயற்கையாக ஆக்கப்பட்டு, எக்செனடைடு என்ற நீரிழிவு மருந்தாக 2005இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஜிஎல்பி-1 என்ற உடற்சுரப்பைப் போலச் செயல்படும் மருந்து வகையில் வந்த முதல் மருந்து அது; இன்று பெரிதும் பேசப்படும் எடைக்குறைப்பு ஊசிகள் அதே வகையின் பின்வரவுகள். இதைப் பற்றித் தமிழில் எழுதும்போதெல்லாம் ‘பல்லி எச்சிலில் மருந்து’ என்றே எழுதுகிறார்கள். ‘மணியுடும்பின் நஞ்சிலிருந்து’ என்று எழுத நமக்கு ஒரு நடுநிலைச் சொல் தேவைப்படுகிறது.

உங்கள் கவலையை மனத்தில் வைத்து அகராதிப் பதிவை இவ்வாறு திருத்தியுள்ளேன். மருத்துவப் பகுதியை நீங்கள் சரிபார்த்துத் தந்தால் குழுமத்தின் பட்டியலில் சேர்த்துவிடலாம்:

மணியுடும்பு (பெ.): நஞ்சுடைய ஊர்வன, ஹீலோடெர்மா பேரினம். அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோ, குவாதமாலாவிலும் வறண்ட நிலங்களில் வாழ்வது. மணி பதித்தாற்போன்ற தோலும் கீழ்த்தாடையில் நச்சுச் சுரப்பியும் உடையது. தானாகத் தாக்குவதில்லை, கையாண்டால் கவ்விப் பிடியை விடாமல் மெல்லும். கடிக்கு நஞ்சுமுறி இல்லை; உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வகைகள்: ஹீலா மணியுடும்பு, மெக்சிகோ மணியுடும்பு, ரியோ ஃபுவெர்ட்டே மணியுடும்பு, சியாபாஸ் மணியுடும்பு, குவாதமாலா மணியுடும்பு.